கோவிவன் என்றொரு நாய்: எடுத்தனூர் நடுகல்லும் இன்றைய ராட்வீலரும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நம் பக்கத்தில் இப்போது பெரிய நாய்களைப் பற்றிய பேச்சு அதிகமாகிவிட்டது. படவேடு, சந்தவாசல், கண்ணமங்கலம் பக்கம் தோட்டத்தில் வீடு கட்டுகிறவர்கள் ராட்வீலர், டாபர்மேன், பிட்புல் என்று குட்டி வாங்கி வருகிறார்கள். எங்காவது ஒரு நாய் கடித்த செய்தி வந்தால் டீக்கடையில் இரண்டு கட்சி சேர்ந்துவிடும். "அந்த இனமே அப்படித்தான் சார், பிறவியிலேயே வெறி" என்பது ஒரு கட்சி. "நாய் மேல தப்பே இல்ல சார், எல்லாம் வளர்ப்புதான்" என்பது இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் நான் ஒன்று சொல்வேன். நம் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே 1400 ஆண்டுகளுக்கு முந்தைய கல் ஒன்று இருக்கிறது. அது என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு அப்புறம் பேசலாம்.

கல் சொல்லும் செய்தி

தண்டராம்பட்டு வட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். சாத்தனூர் அணை இருக்கும் பகுதி. நம் ஊரிலிருந்து போவதானால் போளூர், திருவண்ணாமலை வழியாகப் போக வேண்டும். ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில் நாம் இருக்கிறோம். அந்த மலையின் தெற்கே செங்கம், தண்டராம்பட்டு வட்டாரம் முழுவதும் நடுகற்கள் நிறைந்த பூமி. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் "செங்கம் நடுகற்கள்" என்று ஒரு நூலே வெளியிட்டது. இரா. நாகசாமி அவர்கள் பதிப்பித்தது. ஊர் ஊராக இந்தக் கற்களை "வேடியப்பன்" என்று சாமியாகக் கும்பிடுகிறார்கள். பொங்கல் வைக்கிறார்கள், மாலை போடுகிறார்கள். கல்லில் வட்டெழுத்து இருப்பதும், அதில் ஒரு மனிதனின் பெயர் இருப்பதும் கும்பிடுகிறவர்களில் பலருக்குத் தெரியாது.

எடுத்தனூர்க் கல் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அதாவது ஏழாம் நூற்றாண்டின் முதற்பகுதி. வாணகோ அரசர் குடும்பத்தைச் சேர்ந்த பொற்றொக்கையார் என்பவரிடம் கருந்தேவக்கத்தி என்ற இளவீரன் இருந்தான். எருமைகளைக் காக்கும் சண்டையில் அவன் இறந்துபோனான். அவனுக்காக நட்ட கல் இது. இவ்வளவோடு நின்றிருந்தால் நூற்றுக்கணக்கான நடுகற்களில் இதுவும் ஒன்று. ஆனால் இதே கல்லில் ஒரு நாயின் உருவமும் இருக்கிறது. அந்த நாய்க்கென்று தனியாக ஒரு வாசகமும் வெட்டியிருக்கிறார்கள். கோவிவன் என்னும் பெயருள்ள நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துக் காத்து நின்றது என்பது அதன் பொருள்.

வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் முதலில் கேட்பது, "சார், நாய் செத்துப் போச்சா?" என்பதுதான். கல் அதைச் சொல்லவில்லை. கடித்தது, காத்தது என்ற இரண்டையும்தான் சொல்கிறது.

அந்த ஒரு வரியை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். நாய்க்குப் பெயர் இருக்கிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வரும் நாய், பலருக்கும் தெரிந்த நாய். கடிபட்டவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கும், அவர்கள் கள்வர்கள் என்ற செய்தியும் இருக்கின்றன. கடித்ததற்கு அப்புறம் காத்து நின்றது என்ற சொல்லும் இருக்கிறது. அதாவது கடி அதன் வேலையில் ஒரு பகுதி, காவல்தான் முழு வேலை. இரண்டு ஆட்களைத் தடுக்கிற அளவுக்கு அது பலமான நாயாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பலத்தோடு எருமைகளுக்கும் இடையர்களுக்கும் நடுவே வாழ்ந்திருக்க வேண்டும். கண்டவரையெல்லாம் கடிக்கும் நாயாக இருந்திருந்தால் அந்த ஊரார் அதற்குக் கல்லில் இடம் கொடுத்திருப்பார்களா என்று யோசித்துப் பாருங்கள்.

இங்கே ஒரு சுவையான செய்தி. மகேந்திரவர்மன் மத்தவிலாசம் என்ற நகைச்சுவை நாடகமும் எழுதியவன். வந்தவாசிப் பக்கம் சீயமங்கலம் குடைவரையை வெட்டியவனும் அவனே. அந்த நாடகத்தில் ஒரு காபாலிகனின் கபாலம் காணாமல் போகிறது. பௌத்தத் துறவிதான் எடுத்தான் என்று பெரிய சண்டை நடக்கிறது. கடைசியில் பார்த்தால் அதைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். அரசன் எழுதிய நாடகத்தில் காஞ்சிபுரத்துத் தெருநாய் கள்வன். அதே அரசன் காலத்தில் செங்கம் காட்டில் கள்வனைப் பிடித்தது கோவிவன். உயிர் ஒரே வகைதான். வாழ்ந்த இடமும் செய்த வேலையும் வேறு.

தக்கோலம் போரும் காளி என்ற நாயும்

இன்னொரு கல்லையும் சொல்ல வேண்டும். இது இருப்பது கர்நாடகத்தில், ஆனால் தொடங்கிய இடம் நமக்குப் பக்கம். கி.பி. 949இல் அரக்கோணத்துக்கு அருகிலுள்ள தக்கோலத்தில் சோழருக்கும் இராட்டிரகூடருக்கும் பெரும் போர் நடந்தது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்குத் துணையாக வந்த கங்க மன்னன் பூதுகன், யானை மீதிருந்த சோழ இளவரசன் இராஜாதித்தனைக் கொன்றான். எங்கள் பாடப்புத்தகத்தில் இவ்வளவுதான் வரும்.

அந்தப் போரில் மணலேரன் என்ற வீரனும் நன்றாகப் போரிட்டான். என்ன வேண்டும் என்று கேட்டபோது அவன் பொன்னும் கேட்கவில்லை, ஊரும் கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு அந்தக் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதியது. பன்றியும் செத்தது, நாயும் செத்தது. அந்த நாய்க்காக மண்டியா மாவட்டம் ஆதகூரில் கல் நட்டு, அதன் பூசைக்கு நிலமும் விட்டார்கள். நாயும் பன்றியும் மோதும் சிற்பத்தோடு அந்தக் கல் இன்று பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தக்கோலம் போரை உறுதிப்படுத்தும் முக்கியமான சான்றுகளில் அதுவும் ஒன்று. நாய்க்கு நட்ட கல் சோழர் வரலாற்றுக்குச் சாட்சி சொல்கிறது, பாருங்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் "பன்றி குத்திப்பட்டான் கல்" என்று நிறைய உண்டு. பயிரை அழித்த பன்றியைக் குத்தும்போது இறந்தவனுக்கு நட்டவை. அவற்றில் சிலவற்றில் வீரனோடு நாய்களும் பன்றியைக் கவ்வியபடி நிற்கும். ஆக நம் முன்னோர்களுக்குப் பலமான நாய் புதிதல்ல. ஆநிரை காக்க ஒரு நாய், பன்றி பிடிக்க ஒரு நாய் என்று வைத்திருந்தார்கள். எந்த நாய்க்கும் ஒரு வேலை, ஓர் எசமானன், ஓர் இடம் இருந்தது.

இன்றைய பெரிய நாய்கள் எங்கிருந்து வந்தன

இன்று நாம் பயப்படுகிற நாய்களின் பூர்வீகத்தைப் பார்த்தாலும் இதே கதைதான்.

ராட்வீலர் ஜெர்மனியின் ராட்வைல் என்ற ஊர்க் கசாப்புக்காரர்களின் நாய். மாடுகளை ஓட்டிக்கொண்டு போகும், சிறு வண்டியும் இழுக்கும். ரயில் வந்ததும் மாடு ஓட்டும் வேலை போனது. பிறகு 1910 வாக்கில் காவல்துறை அதை எடுத்துக்கொண்டது. டாபர்மேன் அதே நாட்டில் அபோல்டா என்ற ஊரில் வரி வசூலித்த ஒருவர் தன் பாதுகாப்புக்காக உருவாக்கிய இனம். அவர் பெயரே இனத்தின் பெயரானது. டோகோ அர்ஜென்டினோ 1920களில் அர்ஜென்டினாவில் காட்டுப்பன்றி வேட்டைக்காக உருவாக்கப்பட்டது. நம் பன்றி குத்தி வீரனோடு நிற்கும் நாய்க்கு அது தூரத்துப் பங்காளி என்று சொல்லலாம்.

பிட்புல் கதை மட்டும் கொஞ்சம் வேறு. இங்கிலாந்தில் கட்டி வைத்த காளை மீதும் கரடி மீதும் நாய்களை ஏவி வேடிக்கை பார்க்கும் வழக்கம் இருந்தது. 1835இல் சட்டம் போட்டு அதைத் தடுத்தார்கள். பிறகு அந்த வேடிக்கை நாய்ச் சண்டையாக மாறி, மறைவிடங்களில் நடந்தது. புல்டாக் வகையையும் டெரியர் வகையையும் கலந்து அதற்கென்றே நாய்களை உருவாக்கினார்கள். அங்கிருந்து அமெரிக்கா போனதுதான் பிட்புல். வலித்தாலும் விடாமல் பிடிக்கும் நாயைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கினார்கள். ஜப்பானின் டோசாவும் சண்டைக்காக வளர்த்த நாய்தான். "எல்லாம் வளர்ப்புதான்" என்று சொல்லும் கட்சிக்காரர்கள் இதை மறக்கக் கூடாது. நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் மனிதன் ஒரு குணத்தைத் தேர்ந்தெடுத்தால் அதன் சுவடு இரத்தத்தில் இருக்கத்தான் செய்யும்.

அடுத்து துருக்கி நாட்டின் கங்கால். ஓநாயிடமிருந்து ஆட்டு மந்தையைக் காக்கும் நாய். ஆப்பிரிக்காவில் நமீபியா நாட்டில் 1994 முதல் இந்த வகைக் காவல் நாய்களை விவசாயிகளுக்குக் கொடுத்து வருகிறார்கள். நாய் குரைத்து நின்றால் சிறுத்தை மந்தைக்கு வராது. ஆடும் பிழைக்கும், விவசாயி துப்பாக்கி எடுக்காததால் சிவிங்கிப்புலி என்ற அரிய விலங்கும் பிழைக்கும். கங்கால் ஆப்பிரிக்காவில் செய்வது கோவிவன் செங்கத்தில் செய்த அதே வேலை. அதே கங்கால் இந்தியாவில் 2024இல் "ஆபத்தான நாய்கள்" பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பட்டியல் போட்டால் தீருமா

மத்திய அரசு 2024 மார்ச் 12 அன்று மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பிட்புல், ராட்வீலர், டோசா, கங்கால், டோகோ அர்ஜென்டினோ முதலான 23 வகை நாய்களை இறக்குமதி செய்யவும், இனப்பெருக்கம் செய்யவும், விற்கவும் கூடாது என்றது. கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே, ஏப்ரல் 10 அன்று, சம்பந்தப்பட்டவர்களைக் கலந்து பேசாமல் போட்ட உத்தரவு என்று சொல்லி அதை ரத்து செய்தது. மே மாதத் தொடக்கத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தியை இரண்டு ராட்வீலர் நாய்கள் கடித்துக் குதறின. நாடே பதறியது. பட்டியல் வேண்டும் என்பவர்களின் ஆத்திரத்தில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியுமா? பெற்றவர்களுக்குத்தானே தெரியும் அந்த வலி.

வெளிநாட்டு அனுபவத்தையும் பார்ப்போம். இங்கிலாந்து 1991இல் ஆபத்தான நாய்கள் சட்டம் கொண்டுவந்து பிட்புல் உட்பட நான்கு வகைகளைத் தடுத்தது. பட்டியலில் இல்லாத எக்ஸ்எல் புல்லி என்ற புதிய வகை அதற்குப் பிறகு அங்கே பரவியது. பல தாக்குதல்கள் நடந்த பின் 2023 கடைசியில் அதையும் சேர்க்க வேண்டி வந்தது. நெதர்லாந்து 1993இல் பிட்புல்லைத் தடை செய்தது. நாய்க்கடி குறையவில்லை என்று பார்த்துவிட்டு 2008இல் அந்தத் தடையை விலக்கிக்கொண்டது.

அறிவியல் என்ன சொல்கிறது? 2022இல் "சயின்ஸ்" இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 18,000க்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் பார்த்தார்கள். நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தை வைத்து விளக்கக்கூடியது சுமார் 9 சதவீதம்தான் என்று வந்தது. ஏவலுக்குக் கீழ்ப்படியும் குணத்தில் இனத்துக்குக் கொஞ்சம் பங்கு உண்டு. சீண்டினால் எவ்வளவு சீக்கிரம் சீறும் என்பதை இனத்தை வைத்துச் சொல்வது ஏறக்குறைய இயலாது. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிகளை நான் வகுப்பில் பார்த்திருக்கிறேன். ஒருவன் சாது, ஒருவன் சண்டைக்காரன். நாயிலும் அப்படித்தான்.

ஆனால் இந்த 9 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு "பார்த்தீங்களா, எல்லா நாயும் ஒண்ணுதான்" என்று சொல்லவும் கூடாது. குணத்தை இனம் முழுதாகத் தீர்மானிப்பதில்லை. கடித்தால் என்ன ஆகும் என்பதை உடம்பின் பலம் தீர்மானிக்கிறது. பொமரேனியன் கடித்தால் தையல் போடுவோம். ஆண் ராட்வீலர் 50 கிலோவுக்கு மேல் இருக்கும். தோள் உயரமே இரண்டு அடிக்கு மேல். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எடை 20 கிலோ இருந்தாலே அதிகம். அந்த நாய் தலையை நிமிர்த்தினால் பிள்ளையின் முகமும் கழுத்தும் அதன் வாய்க்கு நேரே இருக்கும். ஆயிரத்தில் ஒரு நாள் கோபப்பட்டாலும் அந்த ஒரு நாள் போதும். அதனால் பலமான நாயை வைத்திருப்பவரின் பொறுப்பு சாதாரண நாயை வைத்திருப்பவரின் பொறுப்பைவிடப் பல மடங்கு. டீக்கடையின் இரண்டு கட்சிகளும் விட்டுவிடுகிற விஷயம் இதுதான்.

நம் நாட்டு நாய்கள் மட்டும் சாதுவா

"வெளிநாட்டு நாய் வேண்டாம் சார், நம்ம ராஜபாளையம் வாங்கலாம்" என்பவர்களும் உண்டு. நல்ல எண்ணம்தான். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நான்கும் நம் தமிழ்நாட்டின் சொத்து. 2005 ஜனவரியில் இந்திய அஞ்சல் துறை நாய்களுக்காக வெளியிட்ட நான்கு தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையம். நம் வெயிலைத் தாங்கும், நோயும் குறைவு. ஆனால் ராஜபாளையம் புது ஆளைச் சேர்த்துக்கொள்ளாது. சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடி வேட்டையாடப் பிறந்தவை. கோம்பை தேனி மாவட்டத்து ஊர்ப் பெயரைக் கொண்ட பலசாலி. 23 பட்டியலில் இவற்றின் பெயர் இல்லை என்பதால் கூண்டில் போட்டு வைத்தால் சாதுவாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். நாட்டு நாயானாலும் பழக்கத் தவறினால் ஆபத்துதான்.

பழக்குவது என்றால் என்ன? நம் மலையடிவாரத்து ஆட்டுக்காரர்களைப் பாருங்கள். குட்டி தாய்ப்பால் மறக்கும் முன்பே பட்டிக்குள் ஆட்டுக் குட்டிகளோடு கிடக்கும். பிள்ளைகள் தூக்கி விளையாடுவார்கள், வழிப்போக்கர் போவார் வருவார். அதற்கு எல்லாம் பழகிவிடும். நாய்க்குட்டி உலகத்தைக் கற்றுக்கொள்ளும் பருவம் பிறந்த மூன்றாவது வாரம் தொடங்கி ஏறக்குறைய மூன்று மாதம் வரை என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். அந்தப் பருவத்தில் பல மனிதர்களையும் குழந்தைகளையும் வண்டிச் சத்தத்தையும் பார்த்த குட்டி பின்னாளில் பயப்படாது. கடிக்கிற நாய்களில் பல பயந்துதான் கடிக்கின்றன.

இன்று நடப்பது என்ன? ஒரு மாதக் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, அட்டைப் பெட்டியில் வைத்துப் பேருந்தில் அனுப்புகிறார்கள். வாங்கியவர் கேட் பக்கத்தில் நான்கடிச் சங்கிலியில் கட்டுகிறார். "யாரோடும் பழக விடாதே, அப்பதான் கோபமா இருக்கும்" என்று யாராவது யோசனை சொல்கிறார்கள். நம் பக்கம் கோடையில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். குளிர் நாட்டு நாய் அந்த வெயிலில் சங்கிலியில் கிடந்து மூச்சிரைக்கும்போது அதன் பொறுமை எவ்வளவு நாள் தாங்கும்? ஆடி வெள்ளிகளில் ரேணுகாம்பாள் கோயிலுக்குப் போகும் கூட்டத்தையும் உடுக்கை, பம்பைச் சத்தத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தத்தில் மிரண்டு சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்தால் அதற்கு எதிரே நிற்பது யார் வீட்டுப் பிள்ளையோ.

ஒரு மாணவனின் கேள்வி

சில வாரங்களுக்கு முன் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவன் போன் செய்தான். இப்போது பெங்களூருவில் வேலை. இங்கே தோட்டத்து வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டும். "சார், ஒரு ராட்வீலர் வாங்கி விட்டுட்டா அவங்களுக்குப் பாதுகாப்பா இருக்குமில்ல?" என்று கேட்டான். அவனிடம் நான் கேட்டதை உங்களிடமும் கேட்கிறேன்.

அந்த நாய்க்கு என்ன வேலை கொடுக்கப் போகிறாய்? தினமும் காலையும் மாலையும் அதை நடத்திக் கூட்டிப் போவது யார்? 50 கிலோ நாய் இழுத்தால் 65 வயது அப்பாவால் பிடிக்க முடியுமா? லீவுக்கு உன் பிள்ளைகள் வரும்போது அது அவர்களை வீட்டு மனிதர்களாகப் பார்க்குமா, புது ஆட்களாகப் பார்க்குமா? பால்காரர், தபால்காரர், பக்கத்து நிலத்துக்காரர் வந்தால் யார் கூப்பிட்டு நிறுத்துவார்கள்?

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "கேட்டுக்கு ஒரு நல்ல லைட்டும் கேமராவும் போட்டுடறேன் சார். அம்மா சோறு போடற தெருக்குட்டி ஒண்ணு இருக்கு, அதுக்குத் தடுப்பூசி போட்டு வீட்டோட வச்சுக்கச் சொல்றேன்" என்றான். ஆள் வந்தால் குரைத்துச் சொல்ல அந்தக் குட்டியே போதும். அந்த வீட்டுக்கு அதுதான் சரி என்று நானும் சொன்னேன்.

பெரிய நாய் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கும், பிள்ளைகள் உள்ள வீட்டாருக்கும் சில வார்த்தைகள்:

1. எவ்வளவு நல்ல நாயானாலும் சிறு குழந்தையோடு தனியே விடாதீர்கள். வெளியே கூட்டிப் போகும்போது பெரியவர் கையில் வாரும், நாய்க்கு வாய்க்கூடும் இருக்கட்டும்.

2. நாய் உறுமினால் அடிக்காதீர்கள். "விலகிப் போ" என்று அது சொல்லும் மொழி உறுமல். அடித்து அதை நிறுத்தினால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கும். உடம்பு விறைத்து, கண் இமைக்காமல் முறைத்து நின்றால், வால் ஆடினாலும் அருகில் போகக் கூடாது.

3. பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்: சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் மூன்றையும் தொடாதே. நாய் துரத்தினால் ஓடாதே, கத்தாதே, கையை உடம்போடு ஒட்டி மரம் மாதிரி நில். கீழே விழுந்துவிட்டால் சுருண்டு படுத்துக் கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொள்.

4. கடித்துவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வைக்காதீர்கள். உடனே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தடுப்பூசி இலவசம். ஒரு ஊசியோடு நிறுத்தாமல் அவர்கள் சொல்லும் தேதிகளில் எல்லா ஊசியும் போட வேண்டும். ஆழமான காயத்துக்குக் காயத்தைச் சுற்றிப் போடும் மருந்து தனியாக உண்டு, கேட்டு வாங்குங்கள். வெறிநோய் அறிகுறி தெரிந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம். வீட்டு நாய்தானே என்று அலட்சியம் வேண்டாம்.

5. வளர்ப்பு விலங்கை அலட்சியமாக விட்டு அடுத்தவர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து வரவைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. "நாய்தானே கடிச்சுது, நானா கடிச்சேன்" என்ற பேச்சு சட்டத்தின் முன் நிற்காது.

வரலாற்றுக்கு வருகிறேன். விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சண்டைச் சேவலுக்குக்கூட நடுகல் இருக்கிறது. தன்னோடு வாழ்ந்த உயிரின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்த மரபு நம்முடையது. கோவிவன் யாரைக் கடித்தது, எத்தனை பேரைக் கடித்தது, எதைக் காத்தது என்று எழுதி வைத்தார்கள். இன்று பலமான நாய் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் தன் நாயைப் பற்றி இதே மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடிந்தால் ஊரில் யாரும் பயப்பட வேண்டியதில்லை.

ஒரு வேண்டுகோள். ஜவ்வாது மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் உங்கள் நிலத்திலோ ஏரிக்கரையிலோ வேடியப்பன் கல் இருந்தால் அதில் நாய் உருவம் இருக்கிறதா என்று பாருங்கள். பெயிண்ட் அடிக்காதீர்கள், எழுத்தைச் சுரண்டாதீர்கள், இடம் மாற்றாதீர்கள். போட்டோ எடுத்துத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்துப் போய்க் காட்டுங்கள். திரும்பி வரும் வழியில், தெரு நாயிடம் எப்படி நிற்க வேண்டும் என்பதையும் ஒரு தடவை நடித்துக் காட்டிச் சொல்லிக் கொடுங்கள்.

பயனுள்ளதென்று தோன்றினால் பகிருங்கள். அடுத்த பதிவில் சம்புவராயர் காலத்துப் படவேட்டைப் பற்றி எழுதுகிறேன்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியர், படவேடு